பழைய டைவிங் வாட்ச்: அடையாளம் கண்டு, வாங்கி, சீர்செய்யும் முறை

சேலத்திலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் கிழக்கே நான்கு மணி நேரமாவது பயணம் செய்ய வேண்டும். அப்படியிருந்தும் இந்த ஊரின் பீரோக்களில், பட்டுச்சேலை மடிப்புகளுக்கும் நிலப் பத்திரங்களுக்கும் நடுவே, ஆழ்கடலில் மூழ்குபவர்களுக்கென்று செய்யப்பட்ட கைக்கடிகாரங்கள் கிடக்கின்றன. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் டேப் ரெக்கார்டரோடும் அத்தர் புட்டியோடும் கொண்டுவந்தவை அவை. கையில் கனமாக இருந்தன, வியர்வைக்கு அஞ்சவில்லை, இருட்டில் மணி தெரிந்தது. லாரி ஓட்டுபவருக்கும் இரவுக் காவலருக்கும் அது போதுமானதாக இருந்தது. அந்தத் தலைமுறை ஓய்ந்துவிட்ட இந்நாளில் அவை ஒவ்வொன்றாக ரிப்பேர்க் கடைகளின் கண்ணாடிப் பெட்டிக்கும் இணைய விற்பனைக்கும் வந்துகொண்டிருக்கின்றன.

அவற்றில் ஒன்றை வாங்க நினைப்பவர் முதலில் மனத்தில் நிறுத்த வேண்டியது இதுதான். மிஷினைப் பழுதுபார்க்கலாம், கண்ணாடியை மாற்றலாம், ரப்பர் வளையங்களைப் புதிதாகப் போடலாம். ஆனால் டயலின் அசல் அச்சையும், மிஷினைத் தாங்கும் உலோகக் கூடான கேஸின் கூரிய விளிம்பையும் எந்தக் கைகாரராலும் திருப்பித் தர முடியாது. ஆகவே ஓடாத வாட்சை வாங்கலாம். டயல் மாற்றி எழுதப்பட்ட வாட்சையும், தேய்த்து மழுங்கிய வாட்சையும் வாங்கக் கூடாது. நம்மில் பலர் இதற்கு நேர்மாறாகச் செய்கிறோம். காதில் வைத்து ஓடுகிறதா என்று கேட்டு, வெயிலில் காட்டிப் பளபளக்கிறதா என்று பார்த்து, அந்த இரண்டுக்காகவே பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

எது டைவிங் வாட்ச்

1953இல் வந்த பிளாங்பேன் நிறுவனத்தின் ஃபிஃப்டி ஃபேதம்ஸ், அதை ஒட்டி வந்த ரோலெக்ஸ் சப்மரைனர் ஆகிய இரண்டும் இந்த வகைக்கு இலக்கணம் வகுத்தவை: கறுப்பு டயல், ஒளிரும் பெரிய குறிகள், நிமிடங்கள் பொறித்த சுழலும் வெளி வளையம், தண்ணீர் புகாத கிரவுன் (முள்ளைத் திருப்பப் பக்கத்தில் இருக்கும் குமிழ்). ஒரு ஃபேதம் என்பது 6 அடி. ஐம்பது ஃபேதம் 300 அடி, அதாவது சுமார் 91 மீட்டர். மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 120 அடி என்பதை நினைத்துக்கொண்டால் அந்த ஆழம் நமக்குப் பிடிபடும். சீக்கோ 1965இல் வெளியிட்ட தன் முதல் டைவிங் வாட்சுக்குக் கொடுத்த தாங்குதிறன் 150 மீட்டர். நிரம்பிய மேட்டூரை நான்கு முறை அடுக்கினால்தான் அந்த ஆழம் வரும்.

வெளி வளையத்தின் வேலை எளியது. நீரில் இறங்கும்போது வளையத்தின் முக்கோணக் குறியை நிமிட முள்ளுக்கு நேராக வைத்துவிட்டால், அதன்பின் நிமிட முள் வளையத்தில் காட்டும் எண்ணே கழிந்துபோன நிமிடம். புதிய வாட்சுகளில் வளையம் இடப்பக்கமாக மட்டுமே சுழலும். தவறி இடித்து நகர்ந்தாலும் அது கழிந்த நேரத்தைக் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது, எனவே மூழ்கியவர் காற்று தீரும் முன்பே மேலே வந்துவிடுவார். டைவிங் வாட்சுக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐஎஸ்ஓ 6425 முதன்முதலில் 1982இல்தான் வந்தது. நாம் தேடும் வாட்சுகளில் பல அதற்கு முன்பே பிறந்தவை என்பதால் அந்தத் தரநிலையின் பெயரைச் சொல்லி விற்பவரிடம் சற்று எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

கடலின் பெயரைத் தாங்கியிருப்பதால் மட்டும் ஒரு வாட்ச் கடலுக்குரியதாகிவிடாது. நம் நாட்டில் ஒரு காலத்தில் மாப்பிள்ளைக்குப் போடும் வாட்சாக இருந்த ஃபேவர் லூபாவின் சீ கிங், சீ சீஃப் போன்றவை சாவி கொடுத்து ஓட்டும், விசேஷங்களுக்குக் கட்டும் அழகான வாட்சுகளே. எச்எம்டி ஜனதாவைப் போல அவற்றையும் தண்ணீரிலிருந்து தள்ளியே வைக்க வேண்டும். பின்மூடியில் நீர் எதிர்ப்பு என்ற பொருளில் இரண்டு சொல் மட்டும் இருந்தால் அது மழைத்தூறலுக்கு. மீட்டர் அளவும் சுழலும் வளையமும் திருகி மூடும் கிரவுனும் சேர்ந்து இருந்தால்தான் மேற்கொண்டு பார்க்கலாம்.

எண்களைப் படித்தல்

என் கைக்கு அதிகமாக வந்தது சீக்கோ 6309 குடும்பம் என்பதால் அதையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். 1976 முதல் 1988 வரை செய்யப்பட்ட இதற்கு மெத்தை போலத் தடித்த கேஸ். கிரவுன் மூன்று மணி இடத்தில் இல்லாமல் நான்கு மணி இடத்தில் இருக்கும். உலகெங்கும் இதை விரும்பிச் சேர்ப்பவர்கள் ஆமை என்று அழைக்கிறார்கள். மேசையில் வைத்துப் பார்த்தால் பொருத்தமான பெயர்தான். வாட்சைத் திருப்பினால் பின்மூடியில் 6309-7040 அல்லது 6309-7049 என்று பொறித்திருக்கும். முதல் நான்கு இலக்கங்கள் மிஷினுக்கும் அடுத்த நான்கு கேஸுக்கும் உரியவை.

அதற்கு அருகில் ஆறு இடங்கள் கொண்ட வரிசை எண் இருக்கும். அதன் முதல் இலக்கம் செய்யப்பட்ட ஆண்டின் கடைசி இலக்கம். இரண்டாவது இடம் மாதம். ஜனவரி முதல் செப்டம்பர் வரை 1 முதல் 9 வரையான இலக்கங்களும், மற்ற மூன்று மாதங்களுக்கு அந்தந்த மாதப் பெயரின் முதல் ஆங்கில எழுத்தும் வரும். என் தாய்மாமா சவூதியிலிருந்து கொண்டுவந்த வாட்சில் 3 என்ற இலக்கமும் நவம்பருக்கான எழுத்தும் முன்னால் இருந்ததால் அது 1983 நவம்பரில் செய்யப்பட்டது என்று தெரிந்தது. மாமா 1984இல் விடுமுறைக்கு வந்தபோது வாங்கிவந்ததாகச் சொன்ன அத்தையின் கணக்கும் அதோடு ஒத்துப்போனது. முதல் இலக்கம் 6, 7, 8 என்று இருந்தால் மட்டும் எழுபதுகளா எண்பதுகளா என்ற ஐயம் வரும். அப்போது டயலின் எழுத்தமைப்பை அசல் படங்களோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. பின்மூடி சொல்வது பின்மூடியின் வயதை மட்டுமே. நாற்பது ஆண்டுகளில் மூன்று நான்கு ரிப்பேர்க்காரர்களின் கை பட்ட வாட்சில், ஒரு வாட்சின் மூடி இன்னொன்றின் கேஸில் ஏறியிருக்கலாம், வேறொன்றின் மிஷின் அதற்குள் உட்கார்ந்திருக்கலாம். அதனால் மூன்று சாட்சிகளைத் தனித்தனியே விசாரிக்க வேண்டும்: பின்மூடி ஒன்று, டயலின் கீழ் விளிம்பில், ஆறு மணிக் குறிக்கு அடியில், எறும்புக் கால் அளவில் அச்சிட்ட எண் இரண்டு, மூடியைத் திறந்தால் மிஷினில் பொறித்திருக்கும் எண் மூன்று. மூன்றும் 6309 என்றே தொடங்கினால் ஒரே குடும்பத்தில் பிறந்த உறுப்புகள் என்று ஓரளவு நம்பலாம்.

மூடியைத் திறக்க விற்பவர் சம்மதிக்காத இடத்திலும் மிஷினைச் சோதிக்க ஒரு வழி உண்டு. 6309 மிஷினுக்குக் கிரவுனைத் திருகிச் சாவி கொடுக்க முடியாது. கையை ஆட்டினால் உள்ளே சுழலும் எடைதான் அதை முறுக்கும். கிரவுனை முழுவதும் இழுத்தாலும் நொடி முள் நிற்காது. 6309 என்று சொல்லி விற்கப்படும் வாட்சில் கிரவுனை இழுத்ததும் நொடி முள் சட்டென்று நின்றுவிட்டால், உள்ளே இருப்பது வேறு மிஷின். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கென்று செய்யப்பட்ட 6306 என்ற உடன்பிறப்பு மட்டும் விதிவிலக்கு: சக்கர அச்சுகளைத் தாங்கும் கற்கள் அதற்கு 17க்குப் பதில் 21, நொடி முள்ளும் நிற்கும். அதன் பின்மூடி 6306 என்றே சொல்லும். அதைத் தெரிந்தே மூடி மாற்றி விற்பவர்களும் உண்டு. 7040, 7049 கேஸ்களின் வெளி வளையம் இரு பக்கமும் சுழல வேண்டும் என்பதையும் கூடவே பார்த்துக்கொள்ளலாம்.

இந்தக் குடும்பத்துக்குப் பின் 7002 வந்தது. அதன்பின் 1996இல் எஸ்கேஎக்ஸ்007 வந்து 200 மீட்டர் தாங்குதிறனோடு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. முதன்முறையாக வாங்குபவருக்கு அந்த இரண்டுமே ஆமையைவிட எளிதான பள்ளிக்கூடம், உதிரிப் பாகங்களும் தாராளமாகக் கிடைக்கும். சிட்டிசனின் பழைய சேலஞ்ச் டைவரும் நல்ல வாட்ச். ஆஸ்திரேலியாவின் லாங் ரீஃப் கடற்கரையில் 1983இல், பாறையிலும் படகிலும் ஒட்டி வளரும் கொட்டலசு என்ற கடலுயிர் உடம்பெல்லாம் படிந்த நிலையில் ஒன்று கிடைத்தது. அப்போதும் அது ஓடிக்கொண்டிருந்தது. பேட்டரி வாட்சுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தால் வைத்துவிட்டு வந்துவிடலாம்.

டயலும் கேஸும்

டயலைப் பார்க்கப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றும் செல்போன் விளக்கும் போதும். விளக்கை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்க வேண்டும். அசல் அச்சில் எழுத்தின் ஓரம் கத்தியால் வெட்டியது போல இருக்கும். மீண்டும் எழுதப்பட்ட டயலில் எழுத்து சற்றுப் பருத்து, மை வழிந்த ரப்பர் ஸ்டாம்ப் போலத் தெரியும். தேதிச் சாளரத்தின் ஓரத்தில் பெயிண்ட் தடித்திருக்கிறதா, நிமிடக் கோடுகள் ஒளிரும் குறிகளின் நடுவே வராமல் விலகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எச்எம்டி, ஃபேவர் லூபா வாட்சுகளுக்கு மும்பையில் மறுபடி எழுதிய டயல்கள் உலகெங்கும் பெயர் பெற்றவை. பழைய வாட்சில் ஆரஞ்சு, நீலம் என்று கண்ணைப் பறிக்கும் புத்தம் புது டயல் இருந்தால் அதன் கதை பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். டயலில் லேசான பழுப்பு, ஒளிரும் குறிகளில் தயிர் ஏடு போன்ற மஞ்சள் ஆகியவை குறைகள் அல்ல. ஈரம் பட்டுக் கறுப்புப் பெயிண்ட் கொப்புளம் கட்டியிருந்தால் அது குறை; அது நாளாக ஆக உதிரும்.

நம் ஊரில் இருட்டில் ஒளிரும் எதையும் ரேடியம் என்றே சொல்கிறோம். லாரியின் பின்புறம் ஒட்டும் ஸ்டிக்கரும் நமக்கு ரேடியம்தான். ஆனால் உண்மையான ரேடியம் வாட்சுகளில் அறுபதுகள் வரைதான் பூசப்பட்டது. அதன் அரை ஆயுள் 1,600 ஆண்டுகள். பூச்சு ஒளியை இழந்து பல்லாண்டு ஆன பின்பும் கதிர்வீச்சு மட்டும் அப்படியே இருக்கும். அறுபதுகளையோ அதற்கு முந்தைய காலத்தையோ சேர்ந்த ஒளிரும் டயலை வீட்டில் திறந்து சுரண்டவோ தூசி தட்டவோ கூடாது; அந்தத் தூள் மூச்சோடு உள்ளே போவதுதான் ஆபத்து. பின்னர் வந்த டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12 ஆண்டுகளைச் சற்றே தாண்டும்; சுவிஸ் டயலின் அடியில் சுவிஸ் என்ற சொல்லின் இருபுறமும் ஆங்கில டி எழுத்து இருந்தால் அதுதான். இதிலிருந்து வாங்குபவருக்குப் பயன்படும் சோதனை ஒன்று கிடைக்கிறது: டயலும் முள்ளும் ஒரே வயதுடையவை என்றால் அவற்றின் பூச்சு ஒரே நிறத்திலும் ஒரே மங்கலிலும் இருக்கும். விளக்கடித்து இருட்டில் பார்க்கும்போது முள் மட்டும் பச்சையாகப் பற்றி எரிந்தால் முள் பிற்காலத்தது.

கேஸுக்கு வருவோம். ஆமையின் கேஸில் மேல்பரப்பு மெல்லிய கோடுகள் ஓடும் மங்கலான பரப்பு, பக்கவாட்டு கண்ணாடி போன்ற பளபளப்பு. இரண்டும் சந்திக்கும் இடத்தில் நகத்தை வைத்தால் ஒரு விளிம்பு தட்டுப்பட வேண்டும். அந்த விளிம்பு இருக்கிறதா என்பதைத்தான் நான் இப்போதெல்லாம் முதலில் பார்க்கிறேன், ஓடுகிறதா என்பதைக் கடைசியில்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது என் சொந்த மடமை. சேலம் வெள்ளிக் கொலுசுக்குப் பேர் போன ஊர். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் எந்தச் சந்தில் நுழைந்தாலும் மெருகு போடும் மோட்டாரின் இரைச்சல் கேட்கும். முதன்முதலில் வாங்கிய 6309இன் கேஸில் நாற்பது ஆண்டுக் கீறல்கள் இருந்தன. தெரிந்த ஒரு பட்டறையில் கொடுத்தேன். அவர் வேலையில் குறை சொல்ல ஏதுமில்லை, கொலுசுக்குச் செய்வதை வாட்சுக்கும் செய்தார். துணிச்சக்கரத்தில் சிவப்பு மெழுகைத் தேய்த்து, கேஸை இரண்டு கையாலும் பிடித்து, பத்து நிமிடம் புரட்டிப் புரட்டிக் காட்டினார். திரும்ப என் கையில் வைத்தபோது அது முகம் பார்க்கும் அளவுக்கு மின்னியது. மேல்பரப்பின் கோடுகளும் இல்லை, விளிம்பும் இல்லை, பாதி கரைந்த குளியல் சோப்பைப் பிடித்தது போல வழுக்கியது. “புதுசு மாதிரி ஆயிருச்சுங்க பாருங்க” என்று அவர் மகிழ்ந்து சொன்னதற்கு நான் தலையாட்டிவிட்டு வந்தேன். அந்த வாட்சை இன்றுவரை விற்கவும் மனமில்லை, கட்டவும் மனமில்லை.

பேரம் பேசும் நேரம்

பழைய பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் இன்னமும் சிறு பெட்டிக் கடைகளில் வாட்ச் ரிப்பேர் செய்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நேரே போய் டைவிங் வாட்ச் இருக்கிறதா என்று கேட்பதைவிட, ஒரு வாட்சுக்கு ரப்பர் வளையம் மாற்றக் கொடுத்துவிட்டு உட்கார்ந்து பேசுவது பயன் தரும். யார் வீட்டில் என்ன இருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

கையில் எடுத்ததும் கிரவுனை அவிழ்த்து, மீண்டும் திருகிப் பார்க்க வேண்டும். மரை பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தாலோ, கோணலாக ஏறினாலோ செலவு பெரிது. கிரவுனை இழுத்து முள்ளைச் சுற்றி நள்ளிரவைக் கடக்கச் செய்தால் தேதியும் கிழமையும் மாறுகின்றனவா என்று தெரியும். முள் இரவு ஒன்பதுக்கும் அதிகாலை மூன்றுக்கும் நடுவே இருக்கும்போது தேதியைத் தனியாக மாற்ற முயலக் கூடாது. மாற்றும் பல்சக்கரம் அப்போது பிடியில் இருப்பதால் பல் உடையும். பிறகு வாட்சை மேசையில் படுக்கவைத்து, செல்போனில் துடிப்பை அளக்கும் செயலியை வைத்துப் பார்க்கலாம். மணிக்கு 21,600, அதாவது நொடிக்கு ஆறு துடிப்பு என்று அது பிடித்துக்கொண்டு, உள்ளே இப்படியும் அப்படியும் ஊசலாடும் பேலன்ஸ் சக்கரத்தின் வீச்சு 200 பாகைக்கு மேல் இருந்தால் மிஷின் மூச்சோடு இருக்கிறது. அதற்குக் கீழே இருந்தால் சர்வீஸ் வேண்டும், அவ்வளவுதான். வாங்காமல் விட அது காரணம் ஆகாது.

விற்பவர் எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள்: “போன மாசம்தாங்க சர்வீஸ் பண்ணுனது.” எங்கே, யார் செய்தது, திறந்த நிலையில் படம் இருக்கிறதா என்று கேட்டுப் பதில் வராவிட்டால் சர்வீஸ் செய்யப்படவில்லை என்றே வைத்துக்கொண்டு விலை பேச வேண்டும். முழு சர்வீஸ், ரப்பர் வளையங்கள், கண்ணாடி, தேவையானால் கிரவுன் ஆகியவற்றின் செலவை முதலில் ரிப்பேர்க்காரரிடம் கேட்டுவைத்துக்கொண்டு, நல்ல நிலையில் உள்ள வாட்சின் சந்தை விலையிலிருந்து அதைக் கழித்தால் வருவதுதான் கொடுக்கக்கூடிய உச்ச விலை. இணையத்தில் வாங்குவதானால் நேராக எடுத்த டயல், பின்மூடி, பக்கவாட்டில் கேஸின் விளிம்பு, திறந்த மிஷின் என்று நான்கு படங்களைக் கேட்க வேண்டும். மூன்றாவது படத்தை மட்டும் அனுப்பத் தயங்குபவரின் கேஸ் எந்தப் பட்டறைக்குப் போய்வந்தது என்பதை நான் ஊகித்துக்கொள்வேன். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். புதிய டயல், புதிய முள், புதிய வெளி வளையம் எல்லாம் போட்டு மலிவாக வரும் ஆமைகளும் உண்டு. அவை கட்டிக்கொள்ள நன்றாகவே இருக்கும். பழைய வாட்ச் என்ற விலை மட்டும் கொடுக்க வேண்டாம்.

சீர்செய்தல்

வீட்டில் நாமே செய்யக்கூடியது கொஞ்சம்தான்; அதைச் சுத்தமாகச் செய்தால் போதும். மிஷினும் டயலும் வெளியே எடுக்கப்பட்ட வெறும் கேஸை வெதுவெதுப்பான நீரில் சில சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு ஊறவைத்து, பழைய பல்துலக்கியாலும் மூங்கில் பல்குத்தியாலும் சுத்தம் செய்ய வேண்டும். மாமாவின் வாட்சின் வெளி வளையத்தை நெம்பி எடுத்தபோது அடியில் கேழ்வரகுக் களி போலக் கெட்டியாக ஒன்று வளையம் முழுக்க நிறைந்திருந்தது: பதினைந்து ஆண்டு வியர்வையும் பாலைவன மணலும். அதனால்தான் வளையம் சுற்றாமல் இறுகியிருந்தது. கழுவியதும் வேறெதுவும் செய்யாமலே சுழன்றது. இறுகிய வளையத்தை எண்ணெய் விட்டுச் சுற்ற முயன்றால் அந்தக் களியோடு எண்ணெயும் சேர்ந்துகொள்ளும்.

கழுவி முடித்ததும் பின்மூடியின் ரப்பர் வளையம் உட்காரும் பள்ளத்தை லென்ஸால் பார்ப்பது மிக முக்கியம். சேலத்தில் எண்பதுகளின் தொடக்கத்திலிருந்தே உருக்காலை எவர்சில்வரைத் தகடு தகடாக உருட்டுகிறது, ஆனாலும் எவர்சில்வர் துருவே பிடிக்காது என்ற நம்பிக்கை நமக்குப் போகவில்லை. வியர்வையில் உள்ள உப்பு, காற்றுப் புகாத இடுக்கில் தங்கிவிட்டால் எவர்சில்வரையும் ஊசி குத்தியது போல அரிக்கும். மாலிப்டினம் சேர்ந்த 316எல் போன்ற வகைகள் அதை அதிகம் தாங்கும், முழுவதும் தாங்காது. பள்ளத்தில் அத்தகைய குழிகள் இருந்தால் எத்தனை புதிய வளையம் போட்டாலும் நீர் புகும். அந்த வாட்சைக் கைகழுவும்போதுகூடக் கழற்றிவைக்க வேண்டும்.

கண்ணாடியில் கீறல் இருந்தால் அது என்ன வகை என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். நகத்தால் தட்டினால் மந்தமாக ஒலிக்கும் பிளாஸ்டிக் கண்ணாடியை மெருகு பசையால் தேய்த்துத் தெளிவாக்கலாம். சீக்கோ டைவிங் வாட்சில் உள்ளது ஹார்ட்லெக்ஸ் என்ற கெட்டிப்படுத்திய கண்ணாடி. அதைத் தேய்ப்பது வீண் உழைப்பு, மாற்றுவதே முறை. கேஸின் கீறல்களை விட்டுவிட வேண்டும்.

மிஷினை ரிப்பேர்க்காரரிடம்தான் கொடுக்க வேண்டும். கொடுப்பதற்கு முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொண்டு, மூன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: டயலையும் முள்ளையும் மாற்றவோ பெயிண்ட் பூசவோ கூடாது, கேஸுக்கு மெருகு கூடாது, கழற்றிய பழைய உதிரிகளைத் திருப்பித் தர வேண்டும். எப்படிச் சுத்தம் செய்வார் என்று மரியாதையாகக் கேட்பதிலும் தவறில்லை. மிஷினைப் பிரிக்காமலே பெட்ரோலில் முக்கி எடுத்து, நான்கு இடத்தில் எண்ணெய் தொட்டு மூடிவிடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அப்படிச் செய்தால் வாட்ச் சில மாதம் துள்ளி ஓடும்; கற்களுக்குள் பழைய எண்ணெயின் பிசின் அப்படியே இருப்பதால் பிறகு தேயத் தொடங்கும். முழுவதும் பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் கழுவி, வேகமாகச் சுழலும் சக்கரங்களின் கற்களுக்கு மோபியஸ் 9010 போன்ற நீர்த்த எண்ணெயும், சக்கரத்தைத் தடுத்துத் தடுத்து விடுவிக்கும் பேலட் கற்களுக்கு 9415 போன்ற கெட்டியானதும் இடுவதே முறையான சர்வீஸ். என் வாட்சைப் பார்க்கும் பெரியவரிடம் முதன்முறை இதைக் கேட்டபோது அவர் லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்காமலே, “பெட்ரோல்ல முக்குறதா இருந்தா நீங்களே முக்கிக்கலாமே தம்பி, எங்கிட்ட எதுக்கு?” என்றார். அன்றிலிருந்து அவரிடம்தான் கொடுக்கிறேன்.

நீரைத் தடுப்பது மூன்று இடம்: பின்மூடி, கண்ணாடி, கிரவுன். முதல் இரண்டின் வளையங்களை மாற்றலாம். கண்ணாடியை அழுத்தி உட்காரவைக்க அதற்கான அழுத்துகருவி வேண்டும். கிரவுனுக்குள் இருக்கும் வளையம் காய்ந்து கல்லாகியிருந்தால் பல சமயம் கிரவுனையே மாற்ற நேரும். வளையங்களுக்குச் சிலிக்கான் கிரீஸை விரல்நுனியில் தொட்டு, பளபளப்பு மட்டும் தெரியும் அளவுக்குத் தடவினால் போதும். வாசலின் கூடாது, அது சில வகை ரப்பரை ஊதவைத்துவிடும்.

மூடிய பின் சோதனை. காற்றழுத்தத்தால் கேஸின் வடிவம் மிகச் சிறிதளவு மாறுவதை அளக்கும் உலர் சோதனைக் கருவி உள்ள கடை கிடைத்தால் அங்கே கொடுக்கலாம். நீரில் அமிழ்த்தும் சோதனையை முதலில் செய்யக் கூடாது. வீட்டிலேயே செய்யக்கூடியது ஈரப்பதச் சோதனை. வாட்சை 40 முதல் 45 டிகிரி வரை சூடாக்க வேண்டும். சித்திரை மாதச் சேலத்தில் அதற்கு மொட்டை மாடியே போதும், ஆனால் வெயிலில் நேராக வைக்காமல் ஒரு துணியால் மூடி அரை மணி நேரம் வைக்க வேண்டும். பிறகு கண்ணாடியின் மேல் குளிர்ந்த நீர் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துப் பார்த்தால், உள்பக்கம் பனி படிந்திருந்தால் கேஸுக்குள் ஈரம் இருக்கிறது என்று பொருள். ஏற்காடு மலைப்பாதை இதே சோதனையைத் தானாகவே செய்துவிடும். மாமாவின் வாட்சைச் சர்வீஸ் செய்வதற்கு முன் கட்டிக்கொண்டு பேருந்தில் ஏறியபோது, அடிவாரத்தின் வெக்கையில் தெளிவாக இருந்த கண்ணாடி, இருபது கொண்டை ஊசி வளைவுகளும் முடிந்து மூடுபனிக்குள் நுழைந்ததும் உள்ளுக்குள் வெண்மையாக மூடிக்கொண்டது. நிமிட முள்ளின் நுனி மட்டும் தெரிந்தது. அப்படி நேர்ந்தால் அரிசிப் பானையில் புதைப்பதெல்லாம் பயன்படாது. அன்றைக்கே மூடியைத் திறந்து உலர்த்த வேண்டும். இரண்டு நாள் தள்ளினால் கிரவுன் தண்டிலிருந்து துரு தொடங்கும்.

எல்லாச் சோதனையிலும் தேறினாலும் நாற்பது வயது வாட்சோடு நான் நீந்த மாட்டேன். மழையில் நனைவதோடு நிறுத்திக்கொள்வேன். பட்டைக்கு ஆமையின் அகலம் 22 மில்லிமீட்டர். பட்டையைக் கேஸோடு இணைக்கும் ஸ்பிரிங் பின் இதற்கு 2.5 மில்லிமீட்டர் தடிமனில் வரும். சாதாரணக் கடைகளில் போட்டுத்தரும் மெல்லிய பின் அந்தப் பெரிய துளையில் ஆடி, ஒருநாள் நழுவி வாட்ச் தரையில் விழும். தடித்த பின்னைக் கேட்டு வாங்க வேண்டும்.

கடைசியாக, மூடியைத் திறந்த நாளில் அதன் உள்பக்கத்தையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரிப்பேர்க்காரர்கள் தாங்கள் பார்த்த தேதியை ஊசியால் அங்கே கீறிவைப்பது வழக்கம். மாமாவின் வாட்சில் மூன்று கீறல்கள் இருந்தன: 1989, 1994, பிறகு ஆண்டு இல்லாமல் ஒரு கையெழுத்து. நான்காவதைக் கீற வேண்டாம், ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள் என்று பெரியவரிடம் கேட்டுக்கொண்டேன். போட்ட வளையங்களின் அளவும் எண்ணெயின் எண்ணும் தேதியும் எழுதிய அந்தச் சீட்டு, கழற்றிய பழைய ரப்பர் வளையத்தோடு வாட்ச் டப்பாவில் இருக்கிறது.